சட்டத்துக்கு முன்னே நடந்த கால்கள்

ஆப்பிரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது யார் என்று கேட்டால், ஐரோப்பிய ஆட்சி என்றே பலரும் சொல்வார்கள். அந்த அரசுகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டன. கண்டத்தைப் பிடிப்பதற்கு அதையே ஒரு நியாயமாகவும் காட்டின. ஆனால் 1905, 1906ஆம் ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பார்த்தால், விடுதலையைத் தொடங்கிவைத்தவர்கள் தப்பிச் சென்ற அடிமைகளே என்பது புலப்படும்.

அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இன்றைய மாலி நாட்டில் பனாம்பா என்றொரு சந்தை ஊர். அங்கே மராக்கா வணிகர்கள் ஏராளமான அடிமைகளைக் கொண்டு தானியம் விளைவித்தார்கள், துணி நெய்வித்தார்கள். அந்த அடிமைகளில் பலர் மேற்கு ஆப்பிரிக்க ஆட்சியாளர் சமோரி தூரே நடத்திய போர்களில் சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டவர்கள். பிறந்த மண்ணை மறக்காதவர்கள். 1905இல் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எஜமானர்கள் ஆயுதத்தோடு மறித்தார்கள். பிரெஞ்சுப் படை வந்தது. வந்த படை அவர்களுக்கு வழிவிடவில்லை. நல்லபடி நடத்துவதாக எஜமானர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, அடிமைகளை அங்கேயே இருக்கச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணையும் மனிதரை விற்பதைத்தான் தடுத்தது. ஏற்கெனவே அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவிக்கவில்லை. 1906இல் அவர்கள் மறுபடியும் புறப்பட்டார்கள். இந்த முறை துணைநிலை ஆளுநர் வில்லியம் போன்ட்டி, போகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். வேறென்ன செய்ய முடியும்? அத்தனை பேரைப் பிடித்துக் கட்டிவைக்க அவரிடம் ஆளேது! பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவிய அந்த வெளியேற்றத்தில், சில ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கானோர் நடந்தே தங்கள் ஊர்களுக்குப் போனார்கள்.

பிரிட்டிஷார் பிடித்திருந்த வடக்கு நைஜீரியாவில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே உயர் ஆணையர் லுகார்ட், அடிமைகள் எஜமானர்களை விட்டுப் போவதை ஊக்குவிக்கக் கூடாது, ஓடிவந்தவர்களுக்கு நிலம் கொடுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். சொகோட்டோ நகருக்கு அருகே சாத்திரு என்ற கிராமத்தில் தப்பிவந்த அடிமைகளும் ஏழை உழவர்களும் திரண்டிருந்தார்கள். 1906 பிப்ரவரி 14 அன்று அவர்கள் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார்கள். மார்ச் 10 அன்று திரும்பிவந்த பெரும்படை ஊரையே அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். சொகோட்டோவின் பிரபுக்கள் அந்தப் படைக்குத் துணை நின்றார்கள். மூன்றே ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷாரிடம் தோற்றவர்கள்தான் அவர்கள். வென்றவரையும் தோற்றவரையும் ஓரணியில் சேர்த்தது, ஓடிவந்த அடிமைகள்மீது இருவருக்கும் இருந்த அச்சம்.

1898இல் பிரெஞ்சுக்காரர்கள் சமோரியைப் பிடித்திராவிட்டால் பனாம்பா அடிமைகள் ஊர் திரும்பியிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போர் ஓய்ந்ததால்தான் வழி திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தப்பிச் செல்வது அதற்கும் இருநூறு ஆண்டு மூத்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியரின் லுவாண்டாவிலிருந்து ஓடியவர்களுக்கு, குவான்சா ஆற்றின் தெற்கே கிசாமா என்ற பகுதி அடைக்கலம் தந்தது. தென்னாப்பிரிக்காவில் டச்சுக்காரர்களின் கேப் குடியேற்றத்திலிருந்து ஓடியவர்கள் ஹாங்க்ளிப் முனையின் குகைகளில் வாழ்ந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் அந்தக் குடியேற்றத்துக்கு அடிமைகளை ஏற்றிச் சென்றிருந்தார்கள். அங்கெல்லாம் எஜமானரே ஐரோப்பியர்தாம்.

ஓடுவது தன்னைக் காத்துக்கொள்வதுதானே, அதை எப்படி எதிர்ப்பு என்பது என்றும் சிலர் கேட்பார்கள். பனாம்பாவில் எஜமானரின் செல்வமெல்லாம் அடிமையின் உழைப்பு. உழைக்கும் கை போய்விட்டால் வயல் தரிசு, தறி வெறுமை. இதை எஜமானர்களும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் போகாமல் தங்கிவிட்டவர்களாலும் தங்களுக்கென்று கூடுதல் நிலமும் நேரமும் கேட்டு வாங்க முடிந்தது.