மதர்போட் மாறினால் விண்டோஸும் மாறவேண்டுமா?



எங்கள் பாபகூராப் பக்கத்தில் யாருடைய வீட்டிலாவது கணனி பழுதாகிவிட்டால், அந்தச் செய்தி எப்படியோ என் காதுக்கு வந்துவிடும். நான் கணனிப் பொறியியலாளன் அல்ல. பகலில் எனக்கு வேறு வேலை. இருபது வருடங்களாக ஒரு திருப்புளியோடு பழகியவன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் அடிக்கடி என்னிடம் வரும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன். "மதர்போட் போய்விட்டது, புதிது போடவேண்டுமாம். அப்படியானால் விண்டோஸையும் முதலில் இருந்து போடத்தான் வேண்டுமா?"

இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குக் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டு. என்னிடம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு மேசைக் கணனி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பாவோடு கதைப்பேன். அவர் எங்கள் ஊர்க்கதையைச் சொல்லுவார். எந்தக் காணி யாருடையது, எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு, எந்தப் பனங்கூடலுக்கு என்ன பெயர், எங்கள் கொப்பாட்டன் எங்கிருந்து வந்து குடியேறினார் என்பதெல்லாம். நான் கேட்டுக் கேட்டுப் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்தேன். நாற்பது பக்கங்களுக்கு மேல் வந்திருந்தது.

ஒருநாள் கணனி எழும்பவில்லை. திறந்து பார்த்தால் மதர்போட்டில் நின்ற சிறிய உருளை மின்தேக்கிகள் தலை வீங்கி, சில கசிந்தும் இருந்தன. 2000களின் முற்பகுதியில் உலகமெங்கும் இருந்த வருத்தம் அது. பல நிறுவனங்களின் மதர்போட்களில் தரங்குறைந்த மின்தேக்கிகள் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு கடையில் கொடுத்தேன். புதிய மதர்போட் போட்டு, வன்தட்டைத் துடைத்து, எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். என் கோப்புகளை ஒரு சீடியில் பதிந்தும் தந்தார்கள். அந்தமட்டில் நல்ல மனிதர்கள்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கோப்பைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து பக்கம் பக்கமாக ஓடின. "பழுதாகிப் போச்சு" என்று முடிவு கட்டினேன். கோப்பை அழித்தேன். சீடியையும் எறிந்துவிட்டேன்.

2006இல் அப்பா காலமானார். அடுத்த வருடம் ஒரு நண்பர் வீட்டில், அதேமாதிரி அரைப்புள்ளிகள் நிறைந்த ஒரு பக்கத்தைக் கண்டேன். நண்பர் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினார். கண்முன்னே அது தமிழாகியது. என் கோப்பு பழுதாகவே இல்லை. புதிதாகப் போட்ட விண்டோஸில் பாமினி இல்லை, அவ்வளவுதான். அதை எனக்கு விளங்கியபோது சீடியும் இல்லை, சொல்லித்தர அப்பாவும் இல்லை.

ஆகவே நேயர்களே, இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுப்பதில்லை.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்குவோம். மதர்போட் என்பது வீட்டின் அத்திவாரமும் சுவரும் மாதிரி. மூளை, நினைவகம், வன்தட்டு எல்லாம் அதில்தான் வந்து பொருந்துகின்றன. ஆனால் உங்கள் படங்களும் கடிதங்களும் மதர்போட்டில் இல்லை. அவை வன்தட்டில் இருக்கின்றன. மதர்போட் செத்தாலும் வன்தட்டு உயிரோடு இருக்கும், பெரும்பாலும். சில மெல்லிய மடிக்கணனிகளில் மட்டும் சேமிப்பகத்தையும் மதர்போட்டோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அந்த வகையில் மதர்போட்டைக் கழற்றிக் கொடுத்தால் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். அதைத் திருத்துபவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விண்டோஸைத் திருப்பிப் போடவேண்டும் என்ற பேச்சு ஏன் வந்தது? எக்ஸ்பி காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பழைய வீட்டில் பழகிய சமையற்காரியைப் புதிய குசினிக்குள் இருட்டில் விட்டால் என்ன நடக்கும்? உப்புப் போத்தல் இருந்த இடத்தில் கையை நீட்டுவாள், அங்கே ஒன்றும் இராது. எக்ஸ்பியும் அப்படித்தான். வன்தட்டோடு பேசுவதற்குப் பழைய மதர்போட்டின் வழியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். புதியதில் அந்த வழி வேறாக இருந்தால் வன்தட்டைக் காணாமல் நின்றுவிடும். நீலத்திரை வரும், 7பி என்று முடியும் ஒரு பிழை எண்ணும் வரும். அதற்கும் துடைப்பது ஒன்றே வழியல்ல. எக்ஸ்பி சீடியிலேயே "திருத்தி நிறுவுதல்" என்ற நடுவழி இருந்தது. கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் சீர்படுத்தும். அவசரத்தில் அதைச் செய்தவர்கள் குறைவு.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 10உம் 11உம் அவ்வளவு தடுமாறுவதில்லை. பெரும்பாலும் முதல்முறை எழும்பும்போது புதிய பாகங்களைத் தாமாகவே தேடி அடையாளம் கண்டு, ஓரிரு தடவை நின்று எழும்பி, வேலைக்கு வந்துவிடும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இன்னும் இலகு. ஆகவே "மதர்போட் மாறினால் கட்டாயம் துடைக்கவேண்டும்" என்பது பழைய காலத்துப் பழக்கம். இன்றைய விதியல்ல.

2025 ஜூலையில், நல்ல குளிர் நாளொன்றில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அன்ரி வந்தார். பேரன் பாவிக்கும் மேசைக் கணனி, விண்டோஸ் 10, மதர்போட் போய்விட்டது. "தம்பி, எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுத்தான் தருவினமாம். விடட்டோ?" என்று கேட்டார்.

"அதுக்குள்ள என்ன இருக்கு அன்ரி?"

"பெடியன்ர படிப்பு. பிறகு உங்கட மாமான்ர பழைய சாமானுகள் ஏதோ. அவர் போனபிறகு நான் திறந்தே பாக்கேல்ல."

"அப்ப இண்டைக்கு விடாதேங்கோ" என்றேன்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி உறை ஒன்றில் போட்டு, என் மடிக்கணனியில் இணைத்து, எல்லாவற்றையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்தோம். 'மை டொக்கியுமென்ட்ஸ்' மட்டும் போதாது. பழைய மின்னஞ்சல்களும் எழுத்துருக்களும் வேறு அடைவுகளில் இருக்கும். விண்டோஸ் அடைவுக்குள் 'ஃபொன்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நான் 2004இல் இழந்தது அதைத்தான்.

இரண்டாவது, வன்தட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். இது இந்தக் காலத்துப் புதிய பொறி. பல கணனிகளில் பிட்லொக்கர் என்ற மறைகுறியாக்கம் சொல்லாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதன் சாவி மதர்போட்டோடு தொடர்புபட்ட ஒரு பாதுகாப்புச் சில்லில் இருக்கும். மதர்போட் மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அது எங்கும் இல்லையென்றால், திருத்துபவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் திறக்கமுடியாது. அன்ரியுடையது பூட்டப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது, அதற்குப் பிறகுதான் மதர்போட்டை மாற்றக் கொடுத்தோம். "விண்டோஸில் கை வைக்கவேண்டாம்" என்று எழுதியே கொடுத்தோம். திரும்பி வந்தபோது எழும்பவில்லை. எழும்புவதும் விழுவதுமாக நின்றது. பயப்படவில்லை, பிரதிதான் இருக்கிறதே. புதிய மதர்போட்டின் பயோஸில் வன்தட்டு இயங்கும் முறை வேறாக வைக்கப்பட்டிருந்தது. பழையபடி ஏ.எச்.சி.ஐ என்று மாற்றினோம். எழும்பியது. துடைப்பதற்கு முன் இந்த ஒரு அமைப்பைப் பார்த்தாலே பல கணனிகள் தப்பிவிடும்.

நான்காவது, உரிமம். விண்டோஸ் தன்னை இன்னொரு கணனி என்று நினைத்து, செயற்படுத்தச் சொன்னது. பேரன் தன் மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்திருந்தபடியால், "அண்மையில் வன்பொருளை மாற்றினேன்" என்ற தெரிவை அழுத்தியதும் சரிவந்தது. தனியாக வாங்கிய உரிமம் கணனிவிட்டுக் கணனி போகும். கணனியோடு சேர்ந்து வந்த உரிமம் மதர்போட்டோடு கட்டுண்டது. ஆனால் பழுதான மதர்போட்டுக்கு மாற்றீடாகப் போட்டால் மைக்ரோசொஃப்ட் அதற்கு இடம் கொடுக்கிறது.

சரி, அப்படியானால் திருப்பிப் போடவே கூடாதா? போடவேண்டிய இடங்களும் உண்டு. கணனி எழும்பினாலும் அடிக்கடி நீலத்திரை வந்தால், வைரஸ் இருந்ததென்ற சந்தேகம் இருந்தால், வேறொருவரின் பழைய கணனியை வாங்கியிருந்தால், புதிதாகப் போடுவதே நல்லது. நிறையக் குப்பை சேர்ந்த கணனியும் புதிதாகப் போட்டால் கொஞ்சம் வேகம் காணும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டபடியால், புதிய மதர்போட் போடுகிறவர்கள் அது விண்டோஸ் 11க்கு ஏற்றதா என்று கேட்பதும் புத்தி. அப்போதும் கோப்புகளை வைத்துக்கொண்டு மேலேறும் வழி இருக்கிறது. ஆனால் "எனது கோப்புகளை வைத்திரு" என்று மீளமைத்தால் கோப்புகள் நிற்கும், நீங்கள் போட்ட மென்பொருட்கள் போய்விடும். பாமினியும் போய்விடும்.

இன்னொன்று. நியூசிலாந்தில் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் முடிந்தாலும், நியாயமான காலத்துக்குள் பழுதானால் விற்றவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திருத்துபவரும் தன் வேலையை நியாயமான கவனத்தோடு செய்யவேண்டும். "எங்கட ஆங்கிலத்துக்கு ஆர் பதில் சொல்லுவினம்" என்று ஒதுங்கவேண்டாம். குடிமக்கள் ஆலோசனைப் பணியகத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். கணனி கையில் இல்லாத நாட்களில், பாபகூராவின் சேர் எட்மண்ட் ஹிலாரி நூலகத்தில் பொதுக் கணனிகளும் இருக்கின்றன.

நாங்கள் காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை எங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் எத்தனையோ பேர் பழைய ஏடுகளைத் தேடித் தேடிக் கணனியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்கே ஒரு பக்கத்தைக் காப்பாற்ற, நாங்கள் இங்கே ஒரு விசையை அழுத்தி நாற்பது பக்கத்தைத் துடைக்கலாமா?

ஆகவே என் பதில் இதுதான். முதலில் பிரதி. பிறகு முயற்சி. காரணம் இருந்தால் மட்டும் திருப்பிப் போடுதல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிரதியையும் ஒரே வீட்டில் வைக்காமல் ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2023 ஜனவரி 27ஆம் திகதி ஒக்லாந்தில் வந்த வெள்ளம் எந்த அறை என்று பார்த்து வரவில்லை.

அன்ரியின் வன்தட்டில் மாமா எழுதிய கடிதங்கள் இருந்தன. திறந்தால் அதே அரைப்புள்ளிகள். இந்தமுறை எனக்குத் தெரிந்திருந்தது. பாமினியைப் போட்டேன். பிறகு அவற்றை ஒருங்குறிக்கும் மாற்றிக் கொடுத்தேன். இனி பாமினி இல்லாவிட்டாலும் இன்றைய கணனிகளில் பெரும்பாலும் தமிழாகவே தெரியும். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற்கடிதத்தை வாசித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திரையில் விரலை வைத்து, "பாருங்கோ தம்பி, இவர் கடைசிவரைக்கும் ளகரத்தையும் லகரத்தையும் மாறித்தான் எழுதினவர்" என்றார்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணனியில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். அரைப்புள்ளிகள் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்.