கைநாட்டுக்கு முன் ஒரு கேள்வி



புதிய மருந்து நோயைத் தீர்க்குமா, தீங்கு செய்யுமா என்று நோயாளிகளிடம் ஆராய்ந்தறிவதே மருந்துச் சோதனை. பல சோதனைகளில் அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புதிய மருந்தும், மற்றவர்க்கு வழக்கிலுள்ள மருந்தும் தந்து ஒப்பிடுவர். இவ்வாய்வின்றி நன்மருந்து கிட்டாது. ஆதலின் அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. அறியாமல் உட்படவும் கூடாது.

அமெரிக்காவின் டஸ்கிகீ வட்டாரத்தில் 1932 முதல் 1972 வரை நடந்த ஆய்வொன்றைக் கேளுங்கள். சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவரிடம் நோயின் பெயரையே மறைத்தனர். அவர்கள் ஏழைகள். பெனிசிலின் வந்த பின்னும் அதனைத் தராமல், நோய் முற்றுவதைப் பார்த்திருந்தனர்.

நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வின் நோக்கத்தையும் அபாயத்தையும் புரியும் மொழியில் விளக்கி, எழுத்து மூலம் இசைவு பெறுதல் வேண்டும். படிக்கவியலாதவர்க்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். எப்போது வேண்டுமாயினும் விலகலாம். சோதனையால் தீங்கு நேரின் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமையுண்டு.

இளைஞர்களே! நம் தெருவில் எவரேனும் மருத்துவமனைத் தாளில் கைநாட்டு வைக்குமுன், அதனைப் படித்துச் சொல்ல உடன் செல்லுங்கள். நாம் பெற்ற கல்வி அதற்கும் பயன்படட்டும்.