கதவும் கலுங்கும்

வெள்ளத்தைத் தடுக்க முன்னோர் அமைத்த காப்புகள் இன்றும் பயன் தருமா என்னும் வினா, லண்டன் மாநகருக்கும் நம் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பொதுவானது.

லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்க ரயில் ஓடுகிறது. 1938இல் போரச்சம் எழுந்தபோது, குண்டு விழுந்தால் ஆற்றுநீர் உள்ளே பாயுமென்று சுரங்கங்களை முதலில் கான்கிரீட்டால் அடைத்தனர். பின்னர் மின்விசையால் இயங்கும் இரும்புக் கதவுகளைப் பொருத்தினர். 1940இல், கைவிடப்பட்ட பழைய பாதையொன்றில் குண்டு விழுந்து நீர் புகுந்தது. முன்னரே அதனை அடைத்திருந்தமையால் ஏனைய பாதைகள் தப்பின. செக் நாட்டுப் பிராக் நகரின் சுரங்க ரயிலிலும் காப்புக் கதவுகள் இருந்தன. ஆயினும், 2002 ஆகஸ்டு வெள்ளம் பல நிலையங்களை மூழ்கடித்தது. சேவை முழுமையாகச் சீர்ப்படப் பல மாதங்கள் ஆயின. கதவு இருப்பது வேறு. உற்ற வேளையில் காப்பது வேறு.

நம் கண்மாய்களைப் பாருங்கள். மடை என்பது கரைக்கு அடியில் செல்லும் சிறு சுரங்கமே. கலுங்கு என்பது, நிறைந்த கண்மாயின் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறும் வழி. மேற்குமலை மழை, அய்யனார் கோயிலாறு போன்ற ஓடைகளால் இராஜபாளையத்துக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பெரியகுளம் கண்மாய் நீரைத் தாங்குகிறது. கலுங்குக் கல் எளிதில் அழியாது. ஆனால், அதற்குக் கீழுள்ள மறுகால் ஓடை தூர்ந்தாலோ, ஆக்கிரமிக்கப்பட்டாலோ, கல் நின்றும் பயனில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இக்குறை கண்ணுக்குத் தெரியாது, பெருமழையன்றே வெளிப்படும்.

2023 டிசம்பரில் அத்தகைய மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கித் தவித்தனர்; எனினும் உயிர் பிழைத்தனர். காத்தது இரும்புக் கதவன்று. உரிய நேரத்தில் நிறுத்திய மனித விழிப்பே.

நம் இரு ஊர்களின் வழியே செல்லும் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதையும் ஓடைகளைக் கடந்தே செல்கிறது. முற்காலத்தில் குடிமராமத்து என ஊரார் கூடிக் கண்மாயைப் பேணினர். நீர்ப்பாய்ச்சி என்பார் மடையை ஆண்டனர். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரால் அப்பணிக்கு மீண்டும் உயிரூட்டியது.

மாணவ நண்பர்களே! ஐப்பசி மழைக்கு முன், பெரியோர் ஒருவருடன் உங்கள் ஊர்க் கலுங்குக்குச் செல்லுங்கள். மறுகால் ஓடையில் நீர் செல்ல வழியுண்டா? மடைக்கதவு அசைகிறதா? அதைத் திறப்பவர் யார்? இம்மூன்றையும் கேட்டறியுங்கள். விடை கிடைக்காத இடத்தில்தான் வெள்ளம் நுழையும்.