தலைவரும் இயந்திரமும்



பெங்களூரில் கப்பன் பூங்காவிற்கு உலாவச் செல்லும் தமிழன்பர்கள், அங்குள்ள செந்நிற நூல்நிலையக் கட்டடத்தையும் அதன் முன்னே நிற்கும் சிலையையும் கண்டிருப்பார்கள். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சேஷாத்திரி ஐயரின் சிலை அது. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, உத்தியோகத்தின் பொருட்டு மைசூருக்கு வந்தவர் அவர். பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த மண்ணிலே பெயர் நாட்டியவர். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளை அவரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

அரசியல் தலைவர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்திலே பழக்கம் இருக்க வேண்டுமா? இதுவே நம் முன் உள்ள வினா. நம் வீடுகளில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கிறோம். “கணிப்பொறியைத் தொடத் தெரியாதவர் இக்காலத்தில் எப்படி நாடாள முடியும்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். “இயந்திரத்தை ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தலைவருக்கு நல்ல மனம் இருந்தால் போதும்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது என்பது நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

சேஷாத்திரி ஐயர் சட்டம் படித்தவர்; பொறியியல் படித்தவர் அல்லர். ஆயினும் காவிரி வீழ்ந்து பாயும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில்தான் உருவாயிற்று. லோட்பினியர் என்ற இராணுவப் பொறியாளர் அத்திட்டத்தை வகுத்தார். மின்சாரம் என்பது உலகத்துக்கே புதுமையாக இருந்த காலம் அது. அருவியின் நீரால் சக்கரம் சுழலுமா, சுழன்று பிறக்கும் ஆற்றல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியிலே ஓடிக் கோலார் தங்கவயலை அடையுமா என்பவை பொறியாளர் விடை சொல்ல வேண்டிய கேள்விகள். ஆனால், இதற்குரிய பணம் எங்கிருந்து வரும், விளையும் மின்சாரத்தை யார் வாங்குவார்கள், முயற்சி தோற்றால் பழியை யார் ஏற்பார்கள் என்பவை திவான் விடை சொல்ல வேண்டியவை. பொறியாளரை மேல்நாடுகளுக்கு அனுப்பி நேரில் ஆராயச் செய்தார்கள். சுரங்க நிறுவனங்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அதைக் காணச் சேஷாத்திரி ஐயர் உயிரோடு இல்லை, 1901இலேயே காலமாகிவிட்டார்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் முதலில் சென்றது தங்கச் சுரங்கத்திற்கு. பெங்களூர் நகரத்தின் தெரு விளக்குகள் எரிந்தது 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். விலை கொடுக்கக்கூடியவருக்கு முதலிடம், வீதியில் நடப்பவருக்கு அடுத்த இடம் என்ற அந்த வரிசையைக் கம்பியோ சக்கரமோ வகுக்கவில்லை, ஆட்சியே வகுத்தது. அந்த வரிசை தேவையானது என்று ஒருவர் வாதிடலாம். அன்று என்று மற்றொருவர் மறுக்கலாம். ஆனால் அது பொறியியல் வாதம் ஆகாது. தங்கவயலின் ஆழத்திலே இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழர்கள் என்பதை நினைத்தால், யாருக்கு முதலில் என்ற கேள்வி நமக்கு அயலானது அன்று என்பது விளங்கும்.

அப்படியானால் பொறியாளரே ஆட்சியில் அமர்ந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடுமா? அதற்கும் மைசூரிலேயே சான்று இருக்கிறது. விசுவேசுவரய்யா 1909இல் தலைமைப் பொறியாளராக வந்து, 1912 முதல் 1918 வரை திவானாக இருந்தார். அணையின் நுட்பம் அவருக்குக் கைவந்த கலை. கிருஷ்ணராஜ சாகர அணையின் வேலை 1911இல் தொடங்கியது. அணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எவ்வளவு நீரைத் தாங்கும் என்று அவரால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த நீரில் தஞ்சைக்கு எவ்வளவு, மாண்டியாவுக்கு எவ்வளவு என்ற கணக்கு எந்தப் பொறியாளரின் அட்டவணையிலும் முடியவில்லை. மைசூருக்கும் சென்னைக்கும் இடையே 1892இல் ஒரு ஒப்பந்தம். பிறகு வழக்கும் நடுவர் தீர்ப்பும். 1924இல் மற்றோர் ஒப்பந்தம். 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. இந்தக் கணக்கிலே நிதானம் தவறினால் என்ன ஆகும் என்பதை, 1991ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அணையைக் கட்டுவது ஓர் அறிவு. அண்டை வீட்டாரோடு பகிர்ந்து வாழ்வது வேறோர் அறிவு. முன்னது இருப்பதனாலேயே பின்னது வந்துவிடாது.

இனித் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்புவோம். பள்ளிப் படிப்பை இடையிலே நிறுத்த நேர்ந்தவர் காமராசர். 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த காலத்திலேதான் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலை தொடங்கியது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. இவற்றுள் பல மத்திய அரசின் திட்டங்கள். எனினும் அவற்றை வரவேற்று இடம் கொடுத்து வளர்த்தது மாநில ஆட்சி. ஓர் உருளை எப்படிச் சுழல்கிறது என்று அவர் விரிவுரை ஆற்றியதில்லை. சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்டராமன் போன்ற கற்றறிந்தவர்களை அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். அவர்கள் சொன்னதைக் கேட்டார். கேட்ட பிறகு முடிவு செய்தார். முடிவுக்குத் தாமே பொறுப்பேற்றார்.

ஆகவே, படிப்பு வேண்டாம், பழக்கம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்வது என்றால், அவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பது என்று பொருளன்று. கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். கேள்வி கேட்பதற்குக் கொஞ்சமாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் வாக்குப்பதிவு இயந்திரமே ஒரு பாடம்.

இந்த இயந்திரத்தைச் செய்யும் நிறுவனங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நம் எழுத்தாளர் சுஜாதா அங்கேதான் பொறியாளராகப் பணியாற்றினார். அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் பெருமையோடு நினைப்பார்கள். ஆனால் இயந்திரத்தின் கதை அத்தனை எளிதாகத் தொடங்கவில்லை. 1982இல் கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984இல் நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் நடந்த வாக்குப்பதிவு செல்லாது என்றது. இயந்திரம் பழுதானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இயந்திரத்தால் வாக்களிக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை என்றது. மறுவாக்குப்பதிவு நடந்தது. வென்றவர் தோற்றார், தோற்றவர் வென்றார்.

இயந்திரம் முந்திக்கொண்டது, சட்டம் பின்தங்கிவிட்டது. சட்டம் இயற்றுவது பொறியாளர் வேலையா? இல்லை, மக்கள் மன்றத்தில் அமர்ந்திருப்பவர்களின் வேலை. 1989இல்தான் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரத்தாலேயே வாக்களித்தோம். பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது: “நான் அழுத்தியது அந்தப் பெயருக்குத்தான் பதிவாயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்?” சாதாரண வாக்காளரும் கேட்கத்தக்க இக்கேள்விக்கு விடையாகத்தான், 2013இல் உச்ச நீதிமன்றம் தாள் சான்று தேவை என்று கூறிற்று. இன்று நாம் பொத்தானை அழுத்தியதும், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு விநாடி நின்று காட்சி தருகிறது. மின்னணுவியலின் நுட்பம் அறியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. அந்தக் கேள்வியே அந்த ஏற்பாட்டை மேலும் நம்பத்தக்கதாக்கியது.

கருநாடகத்தில் நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றிய ‘பூமி’ திட்டத்தையும் நோக்குவோம். எஸ். எம். கிருஷ்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், 2001ஆம் ஆண்டை ஒட்டி, ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள் கணிப்பொறிக்குள் சென்றன. முன்பெல்லாம் பஹணி எனப்படும் நிலச் சான்று வேண்டுமானால், கிராமக் கணக்கரின் தயவை உழவர் நாட வேண்டும். பிறகு தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் செலுத்தி அச்சிட்ட சான்றைப் பெற்றுக்கொள்ள வழி பிறந்தது. கையால் எழுதிய படி செல்லாது என்ற ஆணையும் கூடவே வந்தது. அந்த ஆணை இல்லையேல் கணிப்பொறி ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆனால் கணிப்பொறி ஏட்டில் இருந்ததைத்தான் படி எடுக்கும். தலைமுறையாக உழுதும் ஏட்டில் பெயர் ஏறாதவரின் பெயரை அது தானாகச் சேர்க்காது. “ஏட்டிலே இல்லாதவர் யார்?” என்று கேட்க வேண்டியவர் தலைவரே.

இப்போது நம் வாழ்வுக்கு மிக அருகில் வருவோம். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவர் எந்த மாநிலத்திலும் தம் பங்கு அரிசியை வாங்கலாம் என்ற ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் 2019இல் தொடங்கி, 2022க்குள் எல்லா மாநிலங்களையும் எட்டியது. இது நம் போன்றோருக்குப் பெரும் நன்மை. கடையில் விரலை வைத்தால் இயந்திரம் ஆளை அறிகிறது. ஆனால் ஆண்டுக்கணக்காகச் செங்கல்லும் சிமென்டும் தொட்ட கொத்தனாரின் விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது. வயது முதிர்ந்த பாட்டியின் விரலும் அப்படியே. இயந்திரம் “இவர் அவர் அல்லர்” என்கிறது. இக்காரணத்தால் உரியவருக்கு அரிசியை மறுக்கக் கூடாதென்று மத்திய அரசு 2017இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுரை கடைக்காரரின் காதுக்கு எட்டியதா, வெறுங்கையோடு திரும்புபவர்களின் எண்ணிக்கையை யாராவது குறித்து வைக்கிறார்களா என்று பார்ப்பது யார் கடமை?

தலைவருக்கு வேண்டிய தொழில்நுட்ப அறிவு இதுதான் என்று நாம் கருதுகிறோம். விரல் ரேகையை இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்ற கணிதம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அது தவறாகவும் படிக்கக்கூடும் என்பது தெரிய வேண்டும். தவறினால் பசியோடு நிற்பவர் யார் என்பது தெரிய வேண்டும். அவருக்கு மாற்று வழி என்ன என்று அதிகாரியை விடாமல் கேட்கும் துணிவு வேண்டும். கைப்பேசியை நாள் முழுவதும் கையில் ஏந்தியிருப்பவருக்கு இந்த அறிவு இல்லாமல் போகலாம். கைப்பேசியைத் தொடாதவருக்கு இது வாய்த்திருக்கலாம். எனினும் இயந்திரத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குபவர், அதை விற்க வருபவரின் சொல்லையே வேதமாக ஏற்க நேரிடும். ஆகையால் கற்கும் விருப்பம் மட்டும் எந்தத் தலைவருக்கும் இன்றியமையாதது.

செயற்கை நுண்ணறிவு என்ற புதிய ஆற்றல் இன்று அரசு அலுவலகங்களின் வாயிலுக்கு வந்து நிற்கிறது. யாருக்கு உதவித்தொகை, யார் மீது ஐயம் என்பதைக் கூட இயந்திரத்தைக் கேட்டுச் சொல்லும் நாள் தொலைவில் இல்லை. “கணிப்பொறி அப்படிச் சொல்லிவிட்டது, நாங்கள் என்ன செய்வது?” என்ற விடையைக் குடிமக்களாகிய நாம் ஒருபோதும் ஏற்கலாகாது. கணிப்பொறிக்கு வாக்களித்து நாம் யாரையும் அனுப்பவில்லை.

அடுத்த முறை வாக்குக் கேட்டு ஒருவர் நம் வாயிலுக்கு வரும்போது, உங்களுக்குக் கணிப்பொறி தெரியுமா என்று கேட்க வேண்டாம். ரேஷன் கடையில் என் தாயின் விரலை இயந்திரம் ஏற்கவில்லையென்றால், நான் யாரிடம் வர வேண்டும் என்று கேட்போம். “என்னிடம் வாருங்கள்” என்று சொல்லி, ஏன் ஏற்கவில்லை என்று அறிய முற்படுகிறவரே இக்காலத்துக்கு ஏற்ற தலைவர்.