மணியோசையும் ஒரு சிறுவனும்

பள்ளி மணி அடித்ததும் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. ஏன் என்று வினவும் குழந்தைகளை அதட்டி அடக்குவதில் பயனில்லை. பெற்றோரின் இசைவுடன் விளக்கலாம்: “உங்களுக்குச் சாதாரணமான ஓசை அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. இதற்கு ஆட்டிசம் என்று பெயர். இது தொற்றாது, அவனுடைய மூளை வளர்ந்த விதம் வேறு.” தாயின் அன்புக்குறைவே காரணம் என்ற பழங்கொள்கை – எத்தனை தாய்மாரை அது வதைத்தது! – என்றோ கைவிடப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் இடம்பெறாத ஆட்டிசம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆயினும், விளையாட்டில் அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் ஆறு வயதுத் தோழர்கள். சிறு சொற்களில் அழைத்து, மறுமொழிக்குச் சற்றுக் காத்திருக்க அவர்களைப் பழக்கலாம். மணி அடிக்குமுன் அவனிடம் சொல்லிவைக்கும் பொறுப்பையும் ஒரு குழந்தையிடம் ஒப்படைக்கலாம்.