‘கன்னா’வுக்கும் இலக்கணம் உண்டு



நம் பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தைக் கைப்பேசியிலும் கார்ட்டூனிலும் நிறையக் கேட்கிறார்கள். அங்கே ‘கோயிங் டு’ பெரும்பாலும் ‘கன்னா’ ஆகிவிடுகிறது. ‘வான்ட் டு’ என்பது ‘வான்னா’. ‘கிவ் மீ’ என்பது ‘கிம்மி’. இதைக் கேட்ட பிள்ளை கட்டுரையில் ‘ஐ வான்னா’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். கட்டுரைக்கு அது பொருந்தாதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் காது சரியாக வேலை செய்திருக்கிறது. அதையும் சொல்லிவிட்டுத் திருத்தலாமே.

இது சோம்பேறிப் பேச்சு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்பது ‘ஐம் கன்னா ஈட்’ ஆகும். ‘ஐ ஆம் கோயிங் டு லண்டன்’ என்பதை ‘ஐம் கன்னா லண்டன்’ என்று ஆங்கிலேயர் சொல்லமாட்டார். பின்னால் வினைச்சொல் வந்தால் சுருங்கும். ஊர்ப்பெயர் வந்தால் சுருங்காது.

நம் பேச்சைப் பாருங்கள். ‘போக வேண்டும்’ என்பது ‘போகணும்’ ஆகிறது. ‘பணம் வேண்டும்’ என்பதோ ‘பணம் வேணும்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ‘பணம்ணும்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. துணைவினையாக வரும்போது ஒட்டிக் கரைகிற சொல், தனக்கென்று பொருளோடு நிற்கும்போது அவ்வளவு தேய்வதில்லை. இரண்டு மொழியையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆறாம் வகுப்புக்கே புரியும்.

‘ஹீ வான்ட்ஸ் டு’ என்பதும் ‘வான்னா’ ஆகாது. நடுவில் ‘எஸ்’ நிற்கிறதே!

‘ஐம்’, ‘டோன்ட்’ ஆகியவை வேறு. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அவை தாராளமாக வரலாம். ‘கன்னா’வை உரையாடல் எழுதும்போது பாத்திரத்தின் வாயில் மட்டும் வைக்கலாம். தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பத்தில் இரண்டுமே வேண்டாம்.

இப்படிப் பேசப் பழக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் புரிய வேண்டும், அவ்வளவுதான். நாளை வேலைக்கான தொலைபேசி நேர்காணலில் இருப்பவர்கள் இவர்கள். அமெரிக்கர் பேச்சில் ‘கேன்ட்’டின் கடைசி ‘ட்’ பல நேரம் காதில் விழாது. உயிரொலிதான் அடையாளம். ‘ஐ கன் கம்’ என்று மங்கி ஒலித்தால் வருவார். ‘கேன்’ என்று அழுத்தி ஒலித்தால் பெரும்பாலும் வரமாட்டார். ஒரு நிமிட ஒலிப்பதிவை ஓடவிட்டு, கேட்டதை முழுச்சொற்களாக எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை போதும்.