கடலுக்கு அப்பால் நடந்த போர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உருசிய நாட்டில் வாசிலி கிராஸ்மன் என்றோர் எழுத்தாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் செய்தியாளராகச் சென்று, 1942-இல் ஸ்டாலின்கிராட் போர்முனையிலிருந்து எழுதியவர். பின்னர்த் தாம் கண்டவற்றைப் பெரும் புதினமாக்கினார். 1961-இல் அரசினர் அதன் கையெழுத்துப் படிகளைப் பறித்துச் சென்றனர். 1964-இல் அவர் மறைந்தார். நூலோ 1980-இல் அயல்நாட்டில்தான் அச்சேறிற்று.

அவரை எண்ணுங்கால் எம் நினைவிற்கு வருபவர் நம் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் பிழைப்பு நாடிச் சுமத்திராவின் மேடான் நகருக்குக் கப்பலேறினார். அவரைப் போர்முனைக்கு எவரும் அனுப்பவில்லை. 1942-இல் சப்பானியப் படையோடு போரே அவர் இருந்த ஊருக்கு வந்தது. 1946-இல் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் 1987 வரை பணியாற்றினார்.

அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் கலைமகள் பரிசு பெற்றது; ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. இவற்றில் வட்டிக்கடைப் பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதிய இளைஞர்கள் நேதாஜியின் படையில் துப்பாக்கி ஏந்துகின்றனர். போர் முடிந்து திரும்பும் செல்லையாவை மருமகனாக ஏற்க அவன் முதலாளி மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை கடைக்கு ஆகாதாம்! நாடு கேட்டதைக் கொடுத்தவனுக்கு வீடு கிடைக்கவில்லை. பகலெல்லாம் பேரேட்டில் கண் பதித்திருக்கும் எம்போன்ற எழுத்தர்கள் இவ்விடத்தை எளிதில் கடந்துவிட இயலாது.

கிராஸ்மனின் நூலைத் தடுத்தது ஓர் அரசு. சிங்காரத்தின் நூலை எவரும் தடுக்கவில்லை, நாம்தான் படிக்கவில்லை. மூன்றாம் நாவலை அவர் எழுதவே இல்லை. தனியராய் வாழ்ந்து, தம் சேமிப்பை மாணாக்கர் கல்விக்கு அளித்துவிட்டு, 1997-இல் மறைந்தார். அதன் பின்னரே பலரும் அவர் நூல்களைத் தேடிப் படிக்கலாயினர். பறிமுதலைவிடப் பாராமுகம் கொடிது என்பது எம் கருத்து. அதற்கு ஆணை பிறப்பித்தவர் யாரென்று கேட்கவும் வழியில்லை.

அன்பர்களே! மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் கணக்கெழுதியும், துணி வெளுத்தும், கடை நடத்தியும் வாழும் நம்மவரும் ஊர்விட்டு வந்தவர்களே. நம் முதியோரின் நெஞ்சிலும் எழுதப்படாத ஏடுகள் உள்ளன. எனவே சங்கத்தாரிடம் இரு வேண்டுகோள்: இவ்விரு நாவல்களும் நம் நூலகத்தில் இடம்பெறல் வேண்டும். அடுத்த மலரில் நம் முதியோர் தாம் கண்டவற்றைச் சொல்லச் சில பக்கங்கள் ஒதுக்கல் வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால், யாம் எழுதித் தருவோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!